ஒரே அலமாரியில் இரண்டு மரக் கைகள்

ஜனவரி 8

அன்பு வாலுக்கு,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. ஒரு எழுத்து கோட்டுக்கு மேலே நிற்கிறது, அடுத்தது கீழே தொங்குகிறது. பேனாவை இறுக்கிப் பிடிப்பதால் நடுவிரல் காய்த்துவிட்டது. முப்பத்தெட்டு வருஷம் பெட்டி தூக்கியும் காய்க்காத இடம் அது. இந்தக் கடிதத்தை நான்கு நாளாக எழுதுகிறேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. நான் சொல்லச் சொல்ல யாரும் எழுதவில்லை. நானேதான் எழுதுகிறேன். உன் அண்ணன்.

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். எட்டு மாதமாக நூலகத்து மாடியில் முதியோர் வகுப்புக்குப் போகிறேன். பதினோரு பேர் இருக்கிறோம். என் பக்கத்தில் லாரி ஓட்டி ஓய்ந்த ஒருவர் உட்காருகிறார். போன வாரம் வாத்தியாரம்மா என் நோட்டைப் பார்த்துவிட்டு, "என்னங்கய்யா, உங்க எழுத்து எறும்பு ஊர்ற மாதிரி இருக்கே" என்றார். லாரிக்காரர் விடவில்லை. "எறும்பாவது நேரா போகும் டீச்சர்" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வகுப்பில் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே எனக்கு ஆசை இருந்திருக்கிறது போல. அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது தெருவில் நடக்க எனக்கு நேரம் ஆகிறது. எல்லாப் பலகையும் பேசுகிறது. பேருந்தில் 'படியில் நிற்காதீர்' என்று படித்து முடித்தேன், படியில் நின்றுகொண்டே. என் மாத்திரை டப்பாவில் 'உணவுக்கு முன்' என்று போட்டிருக்கிறது. ஆறு வருஷமாக உணவுக்குப் பின்னால்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் சாகவில்லை.

அருங்காட்சியகக் கிடங்கில் இத்தனை வருஷம் இருந்தேன், எனக்குப் படிக்கத் தெரியாது என்று ஒரு ஆளுக்கும் தெரியாது. ஏதாவது காகிதம் நீட்டினால், "கண்ணாடிய வீட்ல வெச்சுட்டேன் சார், நீங்களே படிங்க" என்பேன். ஓய்வு பெற்ற நாளில் எல்லாரும் சேர்ந்து எனக்கு ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். உனக்கு நினைவிருக்கும். உனக்கு ஒருத்திக்குத்தான் விஷயம் தெரியும். நீயும் நாற்பத்தேழு வருஷம் வாயைத் திறக்கவில்லை.

ஃபோனில் கூப்பிடாதே. கூப்பிட்டால் எடுக்க மாட்டேன். பேசிவிட்டால் எழுத என்ன மிச்சம் இருக்கும்? உன் வேலையைப் பற்றி எழுது. பெரிய எழுத்தில் எழுது.

உன் அண்ணன்


ஜனவரி 19

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். கீழே இறங்கிவந்த ஒரு மாணவி, "மேடம், யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்று கேட்டாள். "ஆமாம்மா, எங்க அண்ணனுக்கு எழுத்து வந்துடுச்சு" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நீ கேட்டபடி பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். அவசரப்படாதே, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் படி.

ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. அதற்குள் ஒரு பெரிய பொறுப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். நீ வேலை பார்த்த அருங்காட்சியகத்துப் பொருள்களை வைத்து, நம் பல்கலைக்கழகத்தின் எல்லா ஊர்க் கல்லூரிகளுக்கும் ஒரு புதுப் பாடத்திட்டம். மாணவர் தன் கைப்பேசியை வெறும் மேசைக்கு நேராகப் பிடித்தால், அந்த மேசையின் மேல் பொருள் நிற்பது போலத் திரையில் தெரியும். சுற்றிப் போய்ப் பின்பக்கம் பார்க்கலாம், குனிந்து அடிப்பக்கம் பார்க்கலாம். ஓர் இடத்தைத் தொட்டால் அதைப் பற்றிய செய்தி விரியும். ஏ.ஆர். என்று சொல்கிறார்கள். கிடங்குக்கு ஒருநாளும் வர முடியாத பிள்ளைகளுக்குப் பொருள் தானாகத் தேடிவரும்.

இதில் என் வேலை தேர்ந்தெடுப்பது. இருநூற்று நாற்பது பொருள்களில் பன்னிரண்டு. அழகாக இருப்பதெல்லாம் பாடத்துக்கு ஆகாது. கண்ணாடிக் குடுவையை இந்தக் கருவி சரியாகப் படம் பிடிக்காது. சில பொருள்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. சிலவற்றுக்கு நிறையச் சொல்லலாம், ஆனால் எங்கே தொட்டால் எது விரிய வேண்டும் என்று முடிவெடுப்பதற்குள் மண்டை காய்ந்துவிடும். குழுவில் ஒரு பேராசிரியர் பழைய நுண்ணோக்கியைத்தான் முதல் பாடமாக வைக்க வேண்டும் என்று மூன்று கூட்டமாகப் பிடிவாதம். நாங்கள் அவருக்கு நுண்ணோக்கிக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டோம். அவரோடு மல்லுக்கட்டி, முதல் பாடத்துக்கு நான் வேறொன்றைக் கொண்டுவந்துவிட்டேன்.

ஒரு மரக் கை. படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதன் சீட்டில் உள்ளதை அப்படியே எழுதுகிறேன்: 'மரக் கை. அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வேலை செய்த ஒருவர், இயந்திரத்தில் வலது கையை இழந்தபின், பதினொரு ஆண்டுகள் அணிந்தது. தச்சர் ஒருவர் செய்தது. அணிந்தவரின் மகள் அளித்தது.'

விரல் நுனிகளைப் பார், எப்படி மழுமழுவென்று தேய்ந்திருக்கின்றன. பதினொரு வருஷ உழைப்பு. இயன்முறை மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் இந்தத் தேய்மானத்தைத் தொட்டுத்தான் பாடத்தைத் தொடங்கப் போகிறார்கள். மார்ச் கடைசியில் வெளியீடு.

இதை நீ எத்தனை முறை துடைத்து வைத்திருப்பாய். உனக்கு நினைவில் இருப்பதை எழுது. பாடத்தில் சேர்க்கிறேன்.

உன் தங்கை


பிப்ரவரி 2

அன்பு வாலுக்கு,

உன் கடிதத்தைப் படிக்க எனக்கு ஆறு நாள் ஆனது. அந்தச் சீட்டை மட்டும் இரண்டு நாள் படித்தேன். புரியாமல் இல்லை. புரிந்துவிட்டதால்.

அதை உனக்கு எழுதவா வேண்டாமா என்று யோசித்ததில் மூன்று நாள் போய்விட்டது. எழுதுகிறேன்.

அந்த அலமாரியில் மரக் கை ஒன்று அல்ல, இரண்டு. நீ படம் அனுப்பியிருப்பது கட்டை போல முழுசாக இருக்கும் கை. அடியில் ஒரு துளை இருக்கும். இன்னொன்றின் மணிக்கட்டுப் பக்கம் குடைந்திருக்கும், கிண்ணம் மாதிரி. அதில் தோல் வார் இருந்தது. கருப்பாகக் கறை பிடித்திருக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்தாலும் ஒரு வாசனை போகாது. ஆள் வாசனை.

நான் வேலைக்குச் சேர்ந்து பதினைந்து வருஷம் இருக்கும். ஒரு மழையில் கிடங்குக் கூரை ஒழுகியது. அந்த அலமாரியில் ஒட்டியிருந்த சீட்டெல்லாம் நனைந்து உதிர்ந்துவிட்டது. அப்போது இருந்த பெரிய அதிகாரி பொருளின் மேல் எதுவும் எழுதக் கூடாது என்பார். அதனால் பொருளின் எண்கூடச் சீட்டில்தான் இருக்கும், பொருளில் இருக்காது. இருபத்தாறு சீட்டையும் கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்தேன். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால், "உங்களுக்குத்தான் தெரியுமே, படிச்சுப் பார்த்து ஒட்டுங்க" என்பார்கள். அந்தப் பயம்.

பசைத் தடத்தின் அளவைப் பார்த்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். சின்னத் தடத்துக்குச் சின்னச் சீட்டு. இருபத்து நான்கு சரியாக வந்துவிட்டது. கடைசியில் இரண்டு மரக் கையும் இரண்டு சீட்டும் நின்றன. இரண்டு தடமும் ஒரே அளவு. ஒரு சீட்டில் எழுத்து நிறைய இருந்தது. ஒன்றில் கொஞ்சம்தான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பளபளவென்று இருக்கிற கைக்குத்தான் பெரியவர்கள் நிறைய எழுதியிருப்பார்கள். கறை பிடித்த கைக்கு என்ன எழுத இருக்கும்? அப்படி நினைத்து ஒட்டிவிட்டேன்.

இன்று உன் கடிதத்தில்தான் அந்த நிறைய எழுத்தில் என்ன இருந்தது என்று முதல் முறையாகத் தெரிகிறது. அணிந்தது என்று இருக்கிறது. முழுக் கட்டையை யார் எப்படி அணிவது?

நான் தப்பு செய்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். உன் பாடத்தை நிறுத்து.

உன் அண்ணன்


பிப்ரவரி 10

அண்ணா,

நான்கு முறை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. சரி, உன் இஷ்டப்படி எழுதியே தொலைக்கிறேன்.

நீ சொல்வது உண்மையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். முப்பது வருஷத்துக்கு முந்தைய நினைவு. மணிக்கட்டு முழுக்கட்டையாக இருப்பதை நாங்களும் கவனித்தோம். அடியில் உள்ள துளையில் ஒரு கம்பி செருகி, அதைத் தோல் உறையோடு கட்டியிருப்பார்கள், உறை தொலைந்திருக்கும் என்று எழுதிவைத்திருக்கிறோம். இரண்டு நிபுணர்கள் பார்த்து ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியாததா எட்டு மாதம் எழுத்துப் படித்த உனக்குத் தெரிந்துவிட்டது?

இப்படி எழுதியதை அடிக்க நினைத்தேன். அடிக்கவில்லை. என் கோபத்தையும் நீ படித்துக்கொள்.

இதை யாரிடமும் சொல்லாதே. வாத்தியாரம்மாவிடம், லாரிக்காரரிடம், ஒருவரிடமும். ஏன் என்று யோசித்தாயா? சீட்டு மாறியது என்றால், எப்படி மாறியது என்று கேட்பார்கள். மாற்றி ஒட்டியவருக்குப் படிக்கத் தெரியாதா என்பார்கள். உன் வேலைக் கோப்பை எடுப்பார்கள். அதில் 'எட்டாம் வகுப்புத் தேர்ச்சி' என்று ஒரு விண்ணப்பம் இருக்கும். அது யார் கையெழுத்து? அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது, ஏழாவது படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு மேலே ஒன்று கூட்டி உனக்கு எட்டு என்று போட்டேன். அதற்கு மேல் போடப் பயமாக இருந்தது. அப்பாவின் கையெழுத்தையும் நான்தான் போட்டேன்.

உனக்கு வரும் ஓய்வூதியத்தை நிறுத்தலாம். என்னை, இந்த வயதில், விசாரணைக்குக் கூப்பிடலாம். ஆவணங்களின் உண்மையைப் பற்றி முப்பது வருஷமாக வகுப்பெடுப்பவள் நான்.

கையின் உருவம் தயாராகிவிட்டது. குரல் பதிவு முடிந்தது. நுண்ணோக்கிக்காரர் நான் எங்கே சறுக்குவேன் என்று காத்துக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து இதில் மூக்கை நுழைக்காதே.

தங்கை


பிப்ரவரி 24

வாலு,

மூக்கை நுழைத்துவிட்டேன். திட்டிக்கொள்.

நீ எழுதிய வரி வலித்தது. ஆனால் அடிக்காமல் விட்டாயே, அது நல்லது. நானும் இதில் எதையும் அடிக்கப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை அருங்காட்சியகத்துக்குப் போனேன். கிடங்கில் இப்போது ஒரு பெண் இருக்கிறாள். சுறுசுறுப்பானவள். வாயும் அப்படித்தான்.

"என்ன பெரியவரே, ஒன்பது வருஷம் கழிச்சு வர்றீங்க. ஏதாவது விட்டுட்டுப் போய்ட்டீங்களா?" என்றாள்.

"ஆமாம்மா. ஒரு கை" என்றேன்.

சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்தாள். சீட்டு மாறியதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னேன். கீழ்த்தட்டில் ஒரு மூடி போட்ட அட்டைப் பெட்டி. அதன் மேல் நான் அன்று மாற்றி ஒட்டிய, எழுத்து குறைந்த சீட்டு. இப்போது படித்தேன்: 'மரக் கை. கையுறைக் கடையில் தோல் கையுறைகளை மாட்டி விரித்துக் காயவைக்கப் பயன்பட்ட அச்சு.'

வாலு, உன் முதல் பாடத்தில் இருப்பது கையுறைக் கடைக் கை. அந்த விரல்கள் உழைத்துத் தேயவில்லை. ஆயிரக்கணக்கான கையுறையை மாட்டிக் கழற்றியதில் தேய்ந்தது.

பெட்டியைத் திறந்தேன். குடைந்த கை உள்ளே இருந்தது. தோல் வார் உடைந்து பொடியாகியிருந்தது. நான் துடைக்கும் காலத்தில் குழிக்குள்ளே சில கீறல்கள் இருக்கும். தச்சரின் உளி பட்டது என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண்ணிடம் டார்ச் வாங்கி உள்ளே அடித்துப் பார்த்தேன். கீறல் இல்லை. பென்சில் எழுத்து.

முதல் வரி: 'இங்கே அழுத்துகிறது.' பக்கத்தில் ஒரு அம்புக்குறி. எழுத்து ஒன்று பெரிதாக, ஒன்று சிறிதாக, சரிந்து விழுகிறது. வலது கையை இழந்தவர் இடது கையால் எழுதியது. அப்படி எழுத எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கீழே வேறு கையெழுத்து, நேரான எழுத்து: 'செதுக்கிவிட்டேன். போட்டுப் பாருங்கள்.'

அதற்குக் கீழே மறுபடியும் சரிந்த எழுத்து: 'இன்னும் அழுத்துகிறது.'

அவ்வளவுதான். அதற்குப் பிறகு தச்சர் ஒன்றும் எழுதவில்லை. அந்த மனிதர் பதினொரு வருஷம் அப்படியேதான் போட்டிருந்திருக்கிறார்.

நான் அந்தக் கையை முப்பத்தெட்டு வருஷம் துடைத்திருக்கிறேன். அவர் சொன்னது என் விரலுக்குக் கீழேயே இருந்தது.

அந்தப் பெண், "என்ன பெரியவரே, உள்ள ஏதாவது இருக்கா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். யாரிடமும் சொல்லாதே என்ற உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது.

அண்ணன்


மார்ச் 4

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்தபின் கைப்பேசியை எடுத்து என் மேசைக்கு நேராகப் பிடித்தேன். கை வந்து நின்றது. விரல் நுனியைத் தொட்டேன். 'பதினொரு ஆண்டு உழைப்பின் தடம்' என்று விரிந்தது. அந்த வாக்கியம் நான் எழுதியது. நன்றாக எழுதியிருப்பதாக எல்லாரும் சொன்னார்கள். அடுத்து, என் குரலிலேயே அந்த மனிதரின் வேதனையைப் பற்றி இரண்டு நிமிஷம் பேசினேன். கையுறை அச்சைப் பார்த்து.

நீ சொல்வது சரி. இப்போது சந்தேகம் இல்லை.

நேற்றுக் குழுவில், உருவத்தில் ஒரு தொழில்நுட்பக் கோளாறு இருக்கிறது, வெளியீட்டுக்குள் சரியாகாது, மரக் கையை எடுத்துவிடலாம் என்று சொன்னேன். நுண்ணோக்கிக்காரர், "நான் அப்பவே சொன்னேனே மேடம், மரம் எல்லாம் வேலைக்கு ஆகாது" என்றார். தலையாட்டினேன். முதல் பாடம் நுண்ணோக்கி. முடிந்தது.

யாருக்கும் பொய் போகாது. உனக்கும் ஒன்றும் ஆகாது. எனக்கும் ஆகாது. என்னால் முடிந்தது இவ்வளவுதான். என் கடிதங்களைக் கிழித்துப் போடு. இனி வகுப்பைப் பற்றி எழுது, பலகைகளைப் பற்றி எழுது. அவற்றைப் படிக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

தங்கை


மார்ச் 15

அன்பு வாலுக்கு,

கடிதங்களைக் கிழிக்கவில்லை. எனக்கு வந்த கடிதங்களே இவ்வளவுதான். கிழிக்க மனசு வராது.

நீ கையை எடுத்தது பாதி சரி. பாதியை மட்டும் சரிசெய்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். அந்த மனிதரின் கை, கையுறை அச்சு என்ற சீட்டின் கீழே மூடிய பெட்டியில் கிடக்கும். நீ ஓய்வு பெறுவாய், நான் போய்ச் சேருவேன். பிறகு யாரும் அந்தப் பெட்டியைத் திறக்க மாட்டார்கள். கையுறை அச்சை எதற்குத் திறப்பது? இன்னொருவர் வந்து பளபளக்கும் கையைப் பாடத்தில் வைப்பார். நீ எழுதியதையே எழுதுவார்.

அவருடைய மகள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அப்பா அணிந்ததைக் கொடுக்கும்போது அவள் என்ன நினைத்திருப்பாள்?

அருங்காட்சியகத் தலைவருக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். ஒன்பது நாள் ஆனது. நான்கு தாள் வீணானது. வாத்தியாரம்மாவிடம் காட்டவில்லை. நகல் ஒன்று இதில் வைத்திருக்கிறேன். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது, சீட்டை நான் மாற்றி ஒட்டினேன், வேலை விண்ணப்பத்தை நானே நிரப்பினேன் என்று எழுதியிருக்கிறேன். கடைசியில் உள்ளது பொய் என்று உனக்குத் தெரியும். படிக்கத் தெரியாதவன் எப்படி நிரப்பினான் என்று எழுதி முடித்த பிறகுதான் எனக்கே உறைத்தது. வேறு மாதிரி எழுதத் தெரியவில்லை.

நீ வேண்டாம் என்றால் தபாலில் போட மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன். நான் சொல்லி நீ எழுதினாய், அன்றைக்கு. இன்றைக்கு நீ சொல், நான் கேட்கிறேன். ஆனால் நீ சொல்ல வேண்டும். பேசாமல் இருந்துவிடாதே.

உன் அண்ணன்


ஏப்ரல் 3

அண்ணா,

உன் விண்ணப்பத்தைத் தபாலில் போட வேண்டாம். தேவையில்லை.

நேற்றுக் காலை நானே குழுவிடம் போய்ச் சொல்லிவிட்டேன். கையுறை அச்சு, மாறிய சீட்டு, உன் பழைய வேலை விண்ணப்பம், அப்பாவின் கையெழுத்து, போன மாதம் தொழில்நுட்பக் கோளாறு என்று சொன்ன பொய், எல்லாம். அறையில் ஏழு பேர் இருந்தார்கள். கடைசிப் பொய்தான் அவர்களுக்கு அதிகம் உறுத்தியது. "சின்ன வயசுல செஞ்சத விடுங்க மேடம். போன மாசம் உங்களுக்கு அம்பத்தொம்பது வயசு இல்லையா?" என்று நுண்ணோக்கிக்காரர் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். அதனால்தான் இன்னும் வலிக்கிறது.

குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். விடுப்பில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அருங்காட்சியகத்திலிருந்து உன்னையும் கூப்பிடுவார்கள். போ. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். வேலை விண்ணப்பத்தை நீ நிரப்பியதாகச் சொல்லிவிடாதே, இன்னொரு பொய்யை என்னால் சுமக்க முடியாது.

நீ என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முடிவை என் கையில் கொடுத்தாய். அதைவிட நீ கட்டாயப்படுத்தியிருக்கலாம். உனக்கு எழுத்து வந்ததில் எவ்வளவு சந்தோஷப்பட்டேன், இப்போது தபால்காரரைக் கண்டாலே கதவைச் சாத்திக்கொள்கிறேன். இப்படி எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் உண்மை.

கொஞ்ச நாளைக்கு எழுதாதே அண்ணா.

தங்கை


ஏப்ரல் 20

அன்பு வாலுக்கு,

கொஞ்ச நாள் என்றாய். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் பொறுத்தேன். திட்டுவதானால் திட்டு. நடந்ததை உனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை.

புதன்கிழமை கூப்பிட்டார்கள். நான் பெட்டி தூக்கிப் போன அதே மாடி அறை. அந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். அருங்காட்சியகத் தலைவர் அம்மா, உங்கள் குழுவிலிருந்து நுண்ணோக்கிக்காரர், குறிப்பெழுத ஒரு எழுத்தர் பெண். பழைய கோப்பு மேசைமேல் இருந்தது. பழுப்பேறிய தாள். உன் எழுத்து, குண்டு குண்டாக, கோட்டை விட்டு விலகாமல்.

"எட்டாவது பாஸ்னு இதுல இருக்கே?" என்றார் தலைவர் அம்மா.

"பள்ளிக்கூடத்து வாசலக்கூட மிதிச்சதில்லம்மா. போடச் சொன்னது நான். போட்டது பன்னெண்டு வயசுப் புள்ள" என்றேன்.

அவர் கோப்பை மூடிவைத்தார். பிறகு நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னார். "நீங்க சொல்லுங்க ஐயா, நான் எழுதிக்கறேன்" என்றாள் எழுத்தர் பெண். வேண்டாம் என்று பேனாவை வாங்கினேன். இரண்டு மணி நேரம் ஆனது. இரண்டு முறை டீ வந்தது. நுண்ணோக்கிக்காரர் ஜன்னல் ஓரம் போய் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை.

அதற்குப் பிறகு கிடங்குப் பெண் இரண்டு கையையும் கொண்டுவந்தாள். டார்ச் அடித்து உள்ளே காட்டினேன். நுண்ணோக்கிக்காரர் முதலில் தூரத்தில் நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. உனக்கு அவரைப் பிடிக்காது. எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. நுண்ணோக்கி இருக்கட்டும், இதையே முதல் பாடமாக வைக்க வேண்டும் என்றார். பிள்ளைகள் விரலைத் தொட வேண்டியதில்லை, குழிக்குள் எட்டிப் பார்க்கட்டும், அங்கே அந்த மூன்று வரியும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியட்டும் என்றார். வேறு விளக்கம் எதுவும் வேண்டாம் என்றார். இந்த மாற்றம் அடுத்த பருவத்தில்தான் பாடத்தில் வரும். சீட்டை அன்றைக்கே மாற்றிவிட்டார்கள். என்னைப் பற்றி மேலிடத்துக்கு எழுதுவார்களாம். என்ன வருமோ தெரியாது. வரட்டும்.

எழுத்தர் பெண் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தாள். நான் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். தாள் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகப் படிக்க வகுப்பில் சொல்லித் தரவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பித் திருப்பிப் படித்தேன். 'இந்த மரக் கையைப் பாடத்துக்குக் குழு தேர்ந்தெடுத்தது' என்று இருந்தது. உன் பெயர் எங்கேயும் இல்லை. தப்புகளைச் சொல்லும் பத்தியில் மட்டும் இருந்தது.

"அம்மா, அங்க ஒரு வரி விட்டுப்போச்சு" என்றேன்.

"எங்க ஐயா?"

"இருநூத்தி நாப்பதுல இந்த மனுஷனோட கதையை எடுத்தது என் தங்கச்சி. எல்லாரும் வேண்டாம்னப்ப எடுத்தா. பொருள் மாறிப்போனது என்னால. அந்தச் சீட்டைத் தேடி எடுத்தது அவதான். எழுதுங்க."

அவள் தலைவர் அம்மாவைப் பார்த்தாள். தலைவர் அம்மா நுண்ணோக்கிக்காரரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "எழுதுங்க, அது சரிதான்" என்றார். அவள் எழுதினாள். "காட்டும்மா, நான் படிச்சுப் பார்க்கணும்" என்றேன். தாளைத் திருப்பி வைத்தாள். படித்தேன். உன் பெயர் முழுசாக, முதல் எழுத்தோடு இருந்தது. பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

இதனால் உன் வேலை திரும்பி வராது என்று தெரியும். உன் கோபம் போகும் என்றும் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் சொன்ன ஒரே விஷயம் இது. அதற்கும் சேர்த்துக் கோபித்துக்கொள்.

நீ பதில் எழுத வேண்டாம். உறையைப் பிரிக்கப் பிடிக்காவிட்டால் பிரிக்காமல் மேசையில் போட்டு வை. நான் வியாழக்கிழமை எழுத உட்கார்ந்தால் திங்கட்கிழமைதான் முடிக்கிறேன். அதனால் அடுத்த வாரத்துக் கடிதத்தை நாளைக்கே ஆரம்பித்துவிடுவேன்.

உன் அண்ணன்